முட்டை விலை சொல்பவரைத் தேடிப் போனவள்

அவளுக்கு ‘நிதானம்’ என்று பெயர் வைத்தவர் தீவன மில்காரர். மக்காச்சோளம் வாங்கப் போனால் மூட்டையை அவிழ்க்கச் சொல்லி, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவாள். ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பாள். கடக்கென்று உடைந்தால் காய்ந்த சோளம், நசுங்கினால் ஈரம். ஒரு மூட்டையைப் பார்த்துவிட்டு மற்றதை நம்புகிற வழக்கமும் அவளிடம் கிடையாது. பின்னால் லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடிக்கும். “அந்தம்மா நிதானம்பா. நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க. முடிஞ்சா ரெண்டாவது டீயும் குடிங்க” என்பார் மில்காரர். அந்தப் பெயர் அங்கிருந்து கிளம்பி அவளுக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்துவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு கோழி ஷெட். தகரக் கூரை, பக்கங்களில் கம்பிவலை, உள்ளே மூன்று அடுக்காகக் கூண்டுகள். எல்லாம் முட்டைக்கோழிகள். அவள் கணவர் கட்டியது. அவர் நெஞ்சுவலியில் போனபோது மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது வெளியூரில் வேலைக்குப் போகிறாள். கணவர் போன நாளிலிருந்து அவருடைய தம்பியும் அவளும்தான் பண்ணையைப் பார்த்துக்கொண்டார்கள். கொழுந்தனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, ‘ரேடியோ’. எந்த ஊரில் முட்டை விலை ஏறினாலும் இறங்கினாலும் அவனுக்குத்தான் முதலில் சேதி வரும். வந்த சேதியை அடக்கி வைக்க அவனுக்குத் தெரியாது. அவன் மனைவிகூட, “என்னங்க, கொஞ்சம் வால்யூமைக் குறைங்க” என்றுதான் சொல்வாள்.

காலையில் கூண்டுக்கு முன்னால் உருண்டு வந்து நிற்கும் முட்டைகளைப் பொறுக்கி அட்டைகளில் அடுக்கி முடிக்கும் நேரத்துக்கு, ரேடியோவின் செல்போனில் அன்றைய விலை வந்து விழும். ஒரு எண், அவ்வளவுதான். யார் அனுப்புகிறார்கள், எங்கே உட்கார்ந்து முடிவு பண்ணுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்காது. நேற்றையதைவிடக் கூடுதல் என்றால் ரேடியோ விசிலடிப்பான். குறைவு என்றால் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தண்ணீர்க் குழாயைச் சரிபார்க்கப் போய்விடுவான். அவன் குழாயைப் பார்க்கப் போனாலே அவளுக்குப் புரிந்துவிடும்.

கோழிகளுக்கு இந்த எண் எட்டுவதில்லை. விலை ஏறிய நாளிலும் ஒரு முட்டை, இறங்கிய நாளிலும் ஒரு முட்டை. தீவனமும் இரண்டு நாளிலும் ஒரே அளவு. துணிக்கடைக்காரர் வியாபாரம் மந்தம் என்றால் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கோழியை நிறுத்தி வைக்க ஸ்விட்ச் கிடையாது.

இதையெல்லாம் யோசிக்காதவள் இல்லை அவள். முந்தைய வருஷம் விலை ஒரு தடவை சறுக்கி, கடன் கழுத்தளவுக்கு வந்த பிறகுதான் ஏறியது. அதிலிருந்து அவள் தீர்மானமாக இருந்தாள்: இனி அந்த எண்ணை நம்பிப் படுக்கக் கூடாது. எல்லாப் பக்கமும் ஒரு வேலி போட வேண்டும்.

முதலில் கோழிகளுக்கு இன்சூரன்ஸ் எடுத்தாள். அடுத்து, அறுவடை சமயத்தில் சோளம் மலிவாக இருந்தபோது, கையில் இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டு, பல மாதத்துக்குத் தேவையானதை வாங்கிக் குடோனில் அடுக்கினாள். தரையில் மரப்பலகை போட்டு, சுவரில் படாமல் ஒரு ஆள் நுழையும் இடம் விட்டு அடுக்கினாள். எலிக்கு அது ஒரு அரண்மனையாகிவிடக் கூடாது என்பதற்காக வாரத்துக்கு ஒருமுறை உள்ளே நுழைந்து சுற்றிவந்தாள்.

பெரிய வேலி பிஸ்கட் கம்பெனி. கேக்கும் பிஸ்கட்டும் செய்கிற தொழிற்சாலை ஒன்று நெடுஞ்சாலையில் இருந்தது. அங்கே கொள்முதல் பார்க்கிற அதிகாரி, வருஷம் முழுவதும் ஒரே விலைக்கு முட்டை தர முடியுமா என்று கேட்டு வந்தார். அவர் சொன்ன விலை அன்றைய சந்தை விலையைவிடக் குறைவு. ரேடியோ துள்ளினான்.

“அண்ணி, இது பைத்தியக்காரத்தனம். இன்னைக்கே அதுக்கு மேல விக்குது. அடுத்த மாசம் இன்னும் ஏறும். நாம என்ன அவங்களுக்குத் தானம் பண்றோமா?”

“ஏறினா சரி. இறங்கினா?”

“எதுக்கு இறங்கப் போவுது?”

“போன வருஷம் எதுக்கு இறங்குச்சு? அதைச் சொல்லு, கேக்கறேன்.”

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லை. கடைசியில் பாதி முட்டையைக் கம்பெனிக்கு, பாதியைச் சந்தைக்கு என்று ஒத்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போடும் முன் அவள் ஒப்பந்தத்தை உட்கார்ந்து வாசித்தாள். அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“சார், இது என்ன? ‘தவிர்க்க முடியாத சூழ்நிலையில் கொள்முதலை நிறுத்தி வைக்கலாம்’னு போட்டிருக்கே?”

“அது எல்லா ஒப்பந்தத்துலயும் வர்ற வரிதாம்மா. வெள்ளம், பூகம்பம்... அந்த மாதிரி ஏதாவது வந்தா. இத்தனை வருஷத்துல நாங்க ஒரு தடவைகூட நிறுத்தினதில்ல.”

அவர் பொய் சொல்லவில்லை. அதுவரைக்கும் நிறுத்தியதில்லைதான்.

அடுத்த சில மாதங்கள் சந்தை விலை ஏறிக்கொண்டே போயிற்று. கம்பெனிக்கு வண்டி ஏற்றும்போதெல்லாம் ரேடியோ முட்டை அட்டையைத் தூக்கிக்கொண்டு, “போங்கடா, போய் கேக் ஆவுங்க. உங்க அண்ணன் தம்பியெல்லாம் அங்க நல்ல விலைக்குப் போறானுங்க” என்று முட்டைகளிடம் பேசுவான். அவள் சிரித்துக்கொள்வாள். உள்ளுக்குள் கொஞ்சம் குத்தத்தான் செய்தது. ஆனாலும், பகலில் ஷெட்டுக்குள் நடக்கும்போது முன்பு போல நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. அந்த நிம்மதிக்கு அவள் கொடுத்த விலை அது என்று வைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் நோய் வந்தது. அவர்கள் பண்ணைக்கு இல்லை. பக்கத்துப் பண்ணைக்கும் இல்லை. பஸ்ஸில் போனால் ஒரு முழு நாள் ஆகிற தூரத்தில், ஏதோ ஒரு ஊரில், சில ஷெட்டுகளில் கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல். டிவியில் வெள்ளை உடையும் முகமூடியும் போட்ட ஆட்கள் குழி தோண்டிக் கோழிகளைக் கொட்டுவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அதே குழி, அதே கோழிகள். பார்க்கிறவர்களுக்கு மட்டும் நாட்டில் குழி பெருகிக்கொண்டே போவது மாதிரி இருந்தது.

மறுநாள் காலை ரேடியோ குழாயைப் பார்க்கப் போகவில்லை. செல்போனை அவளிடமே நீட்டினான்.

“தப்பா வந்திருக்குமோ அண்ணி?”

தப்பாக வரவில்லை. அதற்கடுத்த நாளும் இறங்கியது. அதற்கடுத்த நாளும். அந்த வார முடிவில், ஒரு முட்டையின் விலை அந்த முட்டையைப் போட கோழி தின்கிற தீவனத்தின் விலையில் பாதிகூட இல்லை.

முட்டை எடுக்க வருகிற வியாபாரி நல்ல மனுஷன். அவள் கணவர் காலத்திலிருந்து வருகிறார். வேனைத் திருப்பி நிறுத்தும்போதே “தங்கச்சி, முட்டை ரெடியா?” என்று குரல் கொடுப்பார். அந்த வாரம் குரல் வரவில்லை. இறங்கி வந்து, அடுக்கியிருந்த அட்டைகளைப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“பாதிதான் எடுத்துக்க முடியும் தங்கச்சி. போன லோடே என் குடோன்ல உக்காந்திருக்கு.”

“மீதியை நான் என்ன பண்றது அண்ணே?”

“என்னைக் கேட்டா? நானே வீட்ல மூணு வேளையும் முட்டைதான் தின்னுட்டிருக்கேன். பிள்ளைங்க என்னைக் கண்டா ஓடுதுங்க.”

சிரிக்க வேண்டிய இடம்தான். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

பிஸ்கட் கம்பெனி இருக்கிறதே என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, கொள்முதல் அதிகாரியே போன் பண்ணினார். குரலில் வெட்கம் தெரிந்தது. கடைகளிலிருந்து கேக் எல்லாம் திரும்பி வருகிறதாம். ‘முட்டை சேர்க்காதது’ என்று உறையில் அச்சடிக்கச் சொல்லி மேலிடத்தில் உத்தரவு. ஒப்பந்தத்தில் இருந்த அந்த வரியின்படி கொள்முதலை நிறுத்தி வைக்கிறார்கள்.

“எத்தனை நாளைக்கு சார்?”

“எனக்கே சொல்லலம்மா. என் வேலையே எத்தனை நாளைக்குன்னு தெரியல.”

ஒப்பந்தக் காகிதத்தை எடுத்துப் பார்க்க அவள் போகவில்லை. அந்த வரி எந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். வாசித்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டாள்.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கூப்பிட்டதும் வந்தார். ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கொண்டைகள் சிவப்பாக, கண்கள் பளபளப்பாக, கோழிகள் அவரைக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தன.

“அருமையா வச்சிருக்கீங்கம்மா.”

“அதான் சார் கஷ்டமே” என்றாள்.

அவள் கொடுத்த டீயை அவர் குடித்து முடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “கோழி செத்தா கம்பெனி பணம் கொடுக்கும். விலை செத்தா கொடுக்காது. அதுக்குத் தனியா திட்டம் இருக்குன்னு சொல்றாங்க, பெரிய நாடுகள்ல. இங்க நம்மகிட்ட இல்ல.” போகும்போது, இரண்டு அட்டை முட்டை காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு முட்டை தேவைப்பட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை.

முட்டை சேர்ந்துகொண்டே இருந்தது. வராந்தாவில் அடுக்கினார்கள். மகள் படித்த அறையில் அடுக்கினார்கள். ஜன்னல் உயரத்துக்கு வந்ததும் உள்ளே வெளிச்சம் குறைந்துவிட்டது. கூண்டுக்குள் கோழிகள் வழக்கம் போல மும்முரமாக இருந்தன. ஒவ்வொரு முட்டை இட்டதும் ஊரைக் கூட்டுகிற, அவ்வளவு காலம் காதுக்கு இனிமையாக இருந்த அந்தக் கொக்கரிப்பு, இப்போது கடன்காரன் வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி கேட்டது.

ஒரு நாள் காலை அவள் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, பையில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்தாள்.

“எங்க அண்ணி கிளம்பிட்டீங்க?”

“இந்த விலையை யார் போடறாங்கன்னு பாத்துட்டு வரேன்.”

ரேடியோ அவளை ஒரு மாதிரி பார்த்தான். “பாத்து? என்ன கேப்பீங்க?”

“என் கோழிக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுவேன். வேற என்ன?”

பஸ்ஸில் நகரத்துக்குப் போனாள். வியாபாரி சொன்ன அடையாளப்படி, விலை அனுப்புகிற சங்கத்தின் அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பெரிய கட்டிடம், கண்ணாடிக் கதவு, பத்து பேர் உட்கார்ந்து பேசுகிற மேஜை என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள், ஒரே ஒரு அறையைப் பார்த்தாள். ஒரு மேஜை, இரண்டு தொலைபேசி, சுவரில் போன வருஷத்துக் காலண்டர். நடுவயதுக்காரர் ஒருவர் தனியாக உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

“உக்காருங்கம்மா. என்ன விஷயம்?”

“முட்டை விலை போடறது நீங்கதானா சார்?”

அவர் கையிலிருந்த சுளையைக் கீழே வைத்துவிட்டார். இதைக் கேட்டுக்கொண்டு நேரில் யாரும் அவரிடம் வந்ததில்லை போலும்.

“நான் எங்கம்மா போடறேன்? காலையில மொத்த வியாபாரிங்களுக்குப் போன் போடுவேன். சரக்கு எவ்வளவு தேங்கியிருக்கு, என்ன விலைக்குப் போவுதுன்னு கேப்பேன். அவங்க சொல்றத வச்சு ஒரு நம்பர் வரும். அதைத்தான் அனுப்பறேன். நான் வெறும் தபால்காரன்.”

“அவங்க எப்படிச் சொல்றாங்க?”

“அது அவங்களைத்தான் கேக்கணும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு சுளையை அவளிடம் நீட்டினார். “சாப்பிடுங்க. வெயில்ல வந்திருக்கீங்க.”

அவர் சொன்ன வழியில் மொத்தச் சந்தைக்கு நடந்தாள். நீளமான தகரக் கொட்டகை. கூரை வரைக்கும் முட்டை அட்டைகள். பெரிய வியாபாரி ஒருவர் கல்லாவில் உட்கார்ந்து, காதில் போனை வைத்துக்கொண்டே அவளுக்குப் பதில் சொன்னார்.

“விலையா? நான் எங்க போடறேன்? காலையில சங்கத்துல இருந்து மெசேஜ் வருதுல்ல, அதான் விலை.”

“அவங்க உங்களைக் கேட்டுத்தான் போடறோம்னு சொல்றாங்க.”

“கேப்பாங்க. என்னா போவுதுன்னு கேப்பாங்க. நான் நேத்து வந்த மெசேஜைப் பாத்து, அதுக்குக் கொஞ்சம் கீழ சொல்லுவேன். சரக்கு தள்ளணும்ல? கடைக்காரன் எடுத்தா நான் எதுக்கும்மா கீழ சொல்லப் போறேன்? எடுக்க மாட்டேங்கறானே!” போனில் இருந்தவரிடம், “இல்லப்பா, உன்னைச் சொல்லல” என்று சொல்லிவிட்டு மறுபடி அவளிடம் திரும்பினார். “என் குடோன்ல கெட்டுப்போறது உங்க முட்டைதாம்மா. ஆனா அதுக்குப் பணம் கொடுத்தது நான். நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?”

அவருக்கும் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

வெளியே வந்து, சந்தைக்கு எதிரில் இருந்த மளிகைக் கடையில் நிழலுக்காக ஒதுங்கினாள். கடை வாசலில் முட்டை அட்டைகள். மேலே ஒரு அட்டைத் துண்டில் விலையைப் பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அவளுக்கு அது விலை மாதிரியே தெரியவில்லை. அவள் வயதுள்ள ஒரு அம்மா கையில் பையோடு வந்து, அந்த அட்டைத் துண்டைப் பார்த்தாள். ஒரு முட்டையை எடுத்தாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். வைத்துவிட்டுக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

நிதானத்துக்குப் பொறுக்கவில்லை. “நல்ல முட்டைதாங்க. வாங்கிக்கலாம்.”

“வேணாங்க.”

“ஏன்?”

“இவ்வளவு மலிவா கொடுக்கறாங்கன்னா ஏதோ கோளாறு இருக்குன்னுதானே அர்த்தம்? நல்ல முட்டைன்னா ஏன் இந்த விலைக்குத் தள்ளப் போறாங்க?”

“நோயெல்லாம் இந்தப் பக்கமே இல்லைங்க. நான் பண்ணை வச்சிருக்கேன். என் கோழி ஒண்ணுகூடத் தும்மல.”

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பார்வையில் விரோதம் ஒன்றும் இல்லை. “நீங்க அப்படித்தானே சொல்லணும்” என்றாள் மென்மையாக. “எங்க வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்குங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. சண்டை போட ஒரு ஆள் கிடைத்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு ஆறிப்போயிருப்பாள். மாடி அறைக்காரர் வியாபாரியைக் கை காட்டினார், வியாபாரி கடையைக் காட்டினார், கடைக்கு வந்த அம்மா விலையையே காட்டிவிட்டாள். திரும்பிப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் அவள் தோளில் தலை சாய்கிற மாதிரி தூங்கி விழுந்தார். அவள் அவரை எழுப்பவில்லை, நகரவும் இல்லை.

“யாரைப் பாத்தீங்க அண்ணி?” என்று வாசலிலேயே கேட்டான் ரேடியோ.

“எல்லாரையும் பாத்தேன். யாரும் இல்ல.”

கோழிகளை விற்றுவிடலாம் என்று அதற்கடுத்த வாரம் அவள்தான் சொன்னாள். குடோனில் சோளம் இருந்தது. ஆனால் சோளம் மட்டும் தின்றால் கோழிக்குப் போதாது. புண்ணாக்கும், தாதுக்கலவையும், மருந்தும் காசு கொடுத்து வாங்க வேண்டும். மில்காரர், “உங்களுக்குக் கடன் இல்லேன்னு சொல்ல வாய் வரலம்மா. ஆனா எனக்கே மேல இருக்கறவன் கொடுக்க மாட்டேங்கறான்” என்று சொல்லிவிட்டார்.

“இன்னும் ரெண்டு வாரம் பாக்கலாம் அண்ணி. ஏறிடும். இப்படியே இருக்க முடியாதுல்ல? ஒரு நாள் ஏறித்தானே ஆகணும்?”

“ஏறும். எனக்கும் தெரியும். அது வரைக்கும் கோழி என்ன தின்னும்?”

“அண்ணன் இருந்திருந்தா விக்க விட்டிருக்க மாட்டாரு.”

அவன் அதுவரை அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அவனே பயந்துபோய்விட்டான். அவள் கூண்டுக் கம்பியில் ஒட்டியிருந்த இறகு ஒன்றைப் பிய்த்து எடுத்தாள். “இருந்திருந்தா அவர் பாத்துக்கிட்டிருப்பாரு. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான் தம்பி” என்றாள்.

மகளும் போனில், “வித்துட்டு என்கிட்ட வந்துடும்மா. இங்க கோழியும் இல்ல, விலையும் இல்ல” என்றாள். வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்து தன்னால் மூச்சுவிட முடியாது என்று அவளிடம் சொல்லவில்லை; பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

முட்டை நின்றுபோன கழிவுக்கோழிகளை இறைச்சிக்காக வாங்குகிற லாரிக்காரர் விடிந்தும் விடியாத நேரத்தில் வந்தார். எல்லாப் பண்ணையும் ஒரே நேரத்தில் விற்றதால் அவர் வைத்ததுதான் விலை. பிடிக்கிற ஆட்கள் ஒரு கைக்கு நாலு, ஐந்து என்று கால்களைச் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்ல முட்டைப் பருவத்தில் இருந்த கோழிகள். இன்னும் எவ்வளவோ மாதம் முட்டையிட்டிருக்க வேண்டியவை. அவள் வாசலில் நின்று, “காலை முறிச்சிடாதீங்கப்பா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்கே போகப் போகின்றன என்று தெரிந்துகொண்டே சொன்னாள். ஒரு ஆள் அவளைத் திரும்பிப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் ஒரு கைக்கு மூன்றாகக் குறைத்துக்கொண்டான்.

லாரி போன பிறகு ஷெட்டுக்குள் போனார்கள். அவ்வளவு சத்தம் இருந்த இடத்தில் தண்ணீர் சொட்டுகிற ஒலி மட்டும் கேட்டது. கூண்டுக்கு முன்னால் அன்றைக்கு இட்ட முட்டைகள் அங்கங்கே கிடந்தன. எடுத்துத் தொட்டால் சூடு இருந்தது. ரேடியோ அன்று முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் மனைவி பயந்துபோய் அண்ணியைக் கூப்பிட வந்தாள்.

குடோனில் இருந்த சோளத்தை மில்காரரிடமே திருப்பிக் கொண்டுபோனாள். இந்தத் தடவை அவர் ஒரு மூட்டையைக்கூட அவிழ்த்துப் பார்க்கவில்லை.

“உங்க சோளத்துல குறை இருக்காதும்மா. அது ஊருக்கே தெரியும். ஆனா கோழியே இல்லையே, சோளத்தை யாருக்கு விப்பேன்? நீங்க வாங்கின விலையில முக்கால்தான் போவுது இன்னைக்கு.”

அவள் நல்ல நேரம் பார்த்து மலிவாக வாங்கிய சோளம் அது. அதைவிட மலிவான விலையை எந்த வருஷத்திலும் யாரும் பார்த்ததில்லை. அவளுக்கு ஒரு கணம் வேடிக்கையாகக்கூட இருந்தது. நாலு பக்கமும் வேலி போட்டவளுக்கு வேலியே வந்து மேலே சாய்ந்த மாதிரி.

டிவிக்காரர்கள் வேறு செய்திக்குப் போய்விட்டார்கள். ஜனங்கள் மெல்ல முட்டை வாங்க ஆரம்பித்தார்கள். வாங்க ஆரம்பித்தபோது முட்டை இல்லை, ஏனென்றால் கோழிகள் இல்லை. விலை எழும்பியது. முதலில் கொஞ்சம், பிறகு தாவித் தாவி, இதுவரை எந்தக் காலத்திலும் இல்லாத உயரத்துக்கு. ரேடியோ அவளிடம் சொல்லவில்லை. தண்ணீர் ஓடாத குழாய்களைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். பல வாரம் கழித்து வியாபாரி வேனோடு வந்து, “தங்கச்சி, பத்து அட்டையாவது கிடைக்குமா?” என்று கேட்டபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. கேட்ட பிறகுதான் அவர் காலியான ஷெட்டைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அன்று ரேடியோவுக்கு அடக்க முடியவில்லை. “ரெண்டு வாரம்னுதானே கேட்டேன் அண்ணி” என்றான்.

“ஏழு வாரம் ஆச்சு, ஏறுறதுக்கு.”

“எங்கயாச்சும் புரட்டியிருப்பேன்.”

“புரட்டியிருப்பே. அதுக்கப்புறம்?”

அவன் எழுந்து போய்விட்டான். யார் சொன்னது சரி என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. கோழிகளை விற்காமல் பிடித்து வைத்திருந்த ஒன்றிரண்டு பண்ணைக்காரர்கள் அந்த வருஷம் மாடி கட்டினார்கள். பிடித்து வைத்த மற்றவர்கள் ஏறுவதற்குள் நிலத்தையும் சேர்த்து இழந்தார்கள். இரண்டு தரப்பும் செய்தது ஒரே காரியம்தான்.

புதிய குஞ்சுகளுக்குப் பொரிப்பகத்தில் கேட்டாள். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள், பல மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். குஞ்சு வந்து, வளர்ந்து, முதல் முட்டையிடுவதற்கு மேலும் பல மாதம். அப்போது எல்லாருடைய கோழிகளும் சேர்ந்து முட்டையிடும். அந்த நாளில் விலை என்னவாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்படித்தான் கறிக்கோழிக் கம்பெனிக்கு ஷெட்டைக் கொடுத்தாள். குஞ்சு அவர்களுடையது, தீவனம் அவர்களுடையது, மருந்தும் அவர்களுடையது. அவள் வளர்த்துக் கொடுத்தால் எடைக்கு இவ்வளவு என்று கூலி. விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்தக் கூலி மாறாது. முட்டைக் கூண்டுகளைப் பழைய இரும்புக்காரர் வந்து அறுத்து எடுத்துக்கொண்டு போனார். தரையில் உமியைப் பரப்பினார்கள். ரேடியோ கம்பெனியின் தீவன லாரியை ஓட்டப் போனான். சம்பளம் மாசம் பிறந்தால் வந்துவிடும். அவன் மனைவி, “இப்பதான் வீட்ல காது குளிர்ந்திருக்கு” என்று சொல்லிக்கொண்டாலும், அவன் பேச்சு குறைந்துபோனது பற்றி அவளுக்கு உள்ளூரக் கவலைதான்.

முதல் தொகுதிக் கோழிகளை அவள் நன்றாகத்தான் வளர்த்தாள். கம்பெனியின் மேற்பார்வையாளர் வந்து எடை போட்டுப் பார்த்துவிட்டு, சுற்றுவட்டாரத்திலேயே இதுதான் நல்ல எடை என்று பாராட்டினார். லாரி எந்த நாள் வரும் என்பதை அவர்கள்தான் முடிவு பண்ணினார்கள். வந்தது. ஏற்றினார்கள். மேற்பார்வையாளர் வண்டியில் ஏறப் போகும்போது அவள் வாய் தானாகத் திறந்துவிட்டது.

“சார், இன்னைக்குச் சந்தையில கிலோ என்ன விலைக்குப் போவுது?”

அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஆச்சரியம்தான், வேறொன்றும் இல்லை.

“உங்களுக்கு எதுக்கும்மா அது? உங்க பணம் உங்களுக்கு வந்துடும்.”

வந்துவிடும்தான். “சும்மா கேட்டேன்” என்றாள். லாரி கேட்டைத் தாண்டித் திரும்பும் வரை நின்றுவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவ உள்ளே போனாள். அடுத்த குஞ்சுகள் வருவதற்குள் எல்லாம் காய்ந்திருக்க வேண்டும்.